ஐந்து என்று போட்ட வீடு

ஒன்பது ஓட்டில் தோற்றோம். மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், நோட்டீஸின் தலையில் கொட்டை எழுத்தில் போட்ட ‘சோசலிஸ்ட்’ என்ற வார்த்தைதான் அந்த ஒன்பது ஓட்டையும் தின்றது என்பார்கள். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதியது. அமெரிக்காவில் ஒருவர் தன்னை சோசலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு ஜெயிக்க முடியுமா என்று வானொலியில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். அந்த இரண்டு பேருமே எங்கள் வார்டில் ஒரு கதவைக்கூடத் தட்டியவர்கள் இல்லை. நான் தட்டினேன், எண்ணூற்றுச் சொச்சம் கதவுகள். ஒன்றை மட்டும் தட்டவில்லை.

என் பெயர் ரெனாட்டா குபியாக். பம்பு தொழிற்சாலையில் முப்பது வருஷம் கடைசல் இயந்திரத்தில் நின்றவள், அதில் பாதிக்கு மேல் சங்கப் பிரதிநிதி. ஓய்வு பெற்ற பிறகு முட்டிவலியும் கட்சியும்தான் மிச்சம். எங்கள் வேட்பாளர் நொயேமி தோவர், முப்பத்தாறு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நகரசபைக்கு நின்றாள். எங்கள் ஊரில் நகரசபைத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, ஆள் பெயர் மட்டும்தான். அதனால்தான் அந்த வார்த்தையைப் போடுவதா வேண்டாமா என்று ஜனவரியில் முதல் கூட்டத்திலேயே ரகளை.

பிரச்சாரச் செயலாளர் வாரன் லிண்ட்குவிஸ்ட் கணக்கு வாத்தியார். எதையும் சதவீதத்தில்தான் பேசுவார்.

"சீட்டுல கட்சிப் பேரே இல்ல. நம்மளா எதுக்கு வலியப் போய் நெத்தியில ஒட்டிக்கணும்? இந்த வார்டுல அறுபது வயசுக்கு மேல நாற்பது சதவீதம், தோழர். அவங்களுக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே வயித்தக் கலக்கும்."

"ஒளிச்சு வெச்சு விக்கறதுக்கு இது என்ன திருட்டுச் சரக்கா?" என்றேன் நான். "ஜனங்க மேல நம்பிக்கை இல்லன்னா நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

நொயேமி சிரித்தாள். "நான் பஸ் ஓட்டறவ. எந்தப் பக்கம் திரும்பப் போறேன்னு முன்னாடியே விளக்குப் போட்டுக் காட்டித்தான் பழக்கம். போட்டுடுங்க."

போட்டார்கள். ஜனங்கள் மேல் நம்பிக்கை வைக்கச் சொல்லி எல்லோர் வாயையும் அடைத்தவள் நான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை நடப்பது இப்படி. வாக்காளர் பட்டியலைத் தெருத் தெருவாகப் பிரித்துக் கையில் கொடுப்பார்கள். கதவைத் தட்டி, பேசி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஓர் எண் போட வேண்டும். ஒன்று என்றால் கட்டாயம் நம் ஓட்டு. மூன்று என்றால் மதில்மேல் பூனை, இன்னொரு முறை போக வேண்டும். ஐந்து என்றால் அவ்வளவுதான். சாயங்காலம் வாரன் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஐந்து வாங்கிய பெயர் அடுத்த பட்டியலில் வராது. நொயேமியே நேரில் போகும் கடைசிச் சுற்றிலும் வராது. அந்த வீட்டுக்கு நோட்டீஸ்கூடப் போகாது. ஆள் கொஞ்சம், வீடு அதிகம். இல்லாத ஓட்டுக்குச் செருப்பு தேய்க்க முடியாது அல்லவா?

பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பனி கணுக்கால் வரைக்கும் கிடந்தது. எனக்குக் கொடுத்த தெருவில் பதினான்காவது வீடு, மாடியும் கீழுமாக இரண்டு குடும்பம் இருக்கிற மரவீடு. பட்டியலில் ஐந்து பெயர். மாடியில் ஆர்லீன் ஸாஸ்ட்ரோ, அறுபத்து நான்கு வயது; அவள் தங்கை. கீழே ஆர்லீனின் மகன், மருமகள், பேரன்.

ஆர்லீன் பதினொரு வருஷம் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவள். மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கொண்டுவருவோம். ஒரு நாள் அவள் சமையல், மறுநாள் என்னுடையது. என் விவாகரத்து நடந்த வருஷம் என் மகளைப் பாதி நாள் வளர்த்தவள் அவள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஸ்டிரைக் செய்தோம். ஒன்பதாவது வாரம், திங்கட்கிழமை காலை, கம்பெனி வேன் ஒன்று எங்கள் மறியலைத் தாண்டி உள்ளே போனது. ஜன்னலோரம் தலையைக் குனிந்துகொண்டு ஆர்லீன். நான் கண்ணாடியில் ஓங்கி அறைந்து, "கருங்காலி!" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் ஸ்டிரைக் உடைந்தது. அவள் ஒருத்தியால் உடையவில்லை, அறுபது பேருக்கு மேல் உள்ளே போனார்கள். எனக்கு அந்த அறுபது முகமும் மறந்துவிட்டது, இவள் முகம் மட்டும் மறக்கவில்லை.

ஏன் போனாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். அவள் புருஷன் கார்லுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஸ்டிரைக் தொடங்கியதுமே கம்பெனி எல்லோருடைய மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்திவிட்டது. சங்கத்தில் நிதி திரட்டினோம். எட்டு வாரம் தாக்குப்பிடித்தாள். கார்ல் நான்கு வருஷம் கழித்துச் செத்தான். நான் அடக்கத்துக்குப் போகவில்லை. வேலை போனால் வைத்தியமும் போகிற நாடு ஒரு நாடா என்று எண்ணூறு வாசலில் நின்று கேட்டவள் நான். அந்தக் கேள்விக்கு இந்த வீட்டைவிடப் பொருத்தமான வீடு வார்டிலேயே கிடையாது.

படியேறி வாசல் வரைக்கும் போனேன். கை மணிக்குப் போகவில்லை. ‘கருங்காலி வீட்டில் என்ன சோசலிசம்’ என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். சொல்வதற்குச் சுகமாகத்தான் இருந்தது. ஐந்து பெயருக்கு நேராகவும் வரிசையாக ஐந்து, ஐந்து என்று எழுதினேன். அவள் மருமகளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை; பேரன் ஸ்டிரைக்குக்குப் பிறகு பிறந்தவன். அவர்களுக்கும் ஐந்துதான். படியிறங்கி அடுத்த வீட்டு மணியை அடித்தேன்.

ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை தேர்தல். எங்களை எதிர்த்து நின்ற கிளென் ராட்கே ஹார்டுவேர் கடைக்காரர், நல்ல மனிதர், பழைய ஆள். ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார். மறுபடி எண்ணச் சொன்னோம். அப்போதும் ஒன்பது.

அந்த வெள்ளிக்கிழமை சர்ச் ஹாலில் மீன் வறுவல் விருந்துக்குப் போனேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமை என்றால் கடவுளை நம்பாதவர்கள்கூட அங்கேதான் இருப்பார்கள். ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு அடையைக் கிளறிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தால் ஆர்லீன். முடி முழுக்க வெளுத்துவிட்டது.

"உக்காரலாம்ல? இல்ல இங்கயும் மறியலா?" என்றாள்.

உட்காரச் சொல்லித் தலையை ஆட்டினேன்.

"தோத்துட்டீங்களாமே, பாவம். அந்தப் பொண்ணு நல்லா பேசினா. டிவில பாத்தேன்."

"எல்லாம் அந்த வார்த்தைதான்னு சொல்றாங்க," என்றேன்.

"எந்த வார்த்தை? சோசலிஸ்ட்டா?" ஆர்லீன் முட்டைக்கோசு சாலட்டை ஒரு வாய் போட்டுக்கொண்டாள். "அதுக்கு யாருடி பயந்தா? எங்க தாத்தா காலத்துல இந்த ஊர்ல சாக்கடை வெட்டினவங்களே அவங்கதான். நல்ல தண்ணி, பூங்கா, எல்லாம் அவங்க போட்டது. தாத்தா சாகற வரைக்கும் அவங்களுக்குத்தான் போட்டாரு. பக்கத்து வீட்டு ஃபிலோமினாவுக்கு வந்த நோட்டீஸ வாங்கி என் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருந்தேன்."

"அப்ப நீ…"

"ராட்கேக்குப் போட்டேன். வீட்டுல அஞ்சு பேரும்."

"ஏன்?"

"அவரு வந்தாரு. ரெண்டு தடவை. சமையக்கட்டுல உக்காந்து கேக் தின்னாரு, என் கதவுத் தாழ்ப்பாளச் சரி பண்ணிக் குடுத்தாரு, ஓட்டுக் கேட்டாரு. உங்க ஆளுங்க ஃபிலோமினா வீட்டுக்கு மூணு தரம் வந்தாங்க. எதிர் வீட்டுக்கு வந்தாங்க. எங்க வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் வரல. வேண்டாம்னு நெனைக்கறவங்ககிட்ட போய் ‘இந்தாங்க என் ஓட்டு’ன்னு எப்படிடி நீட்டறது?" அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க தெருவுக்கு யாரு வந்தா? உனக்குத் தெரியுமா?"

இதோ, கதவைத் திறந்து வைத்து வா என்று கூப்பிட்ட மாதிரிதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெரியல. புதுசா வந்தவங்க யாராச்சும் விட்டிருப்பாங்க. சரியா வேலை செய்யறதில்ல."

ஆர்லீன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "இருக்கும்," என்று சொல்லிவிட்டு மீனைச் சாப்பிட ஆரம்பித்தாள். பிறகு பேரனைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கூட்டல் கழித்தல்தான். ஐந்து ஓட்டு அவரிடமிருந்து போய் எங்களுக்கு வந்திருந்தால், அவருக்கு ஐந்து குறையும், எங்களுக்கு ஐந்து கூடும். ஒன்பதில் தோற்றவர்கள் ஒன்றில் ஜெயித்திருப்போம். ஒரே ஒரு மணி அடித்திருந்தால் போதும். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் கூட்டம், இருபத்தாறு பேர். ஏன் தோற்றோம், அடுத்து என்ன என்பதுதான் பேச்சு. வாரன் வரைபடத்தோடு வந்திருந்தார். வயதானவர்கள் இருக்கிற தெருக்களில் எங்களுக்கு ஓட்டுக் குறைவு.

"இதான், நான் ஜனவரியிலயே சொன்னது. அந்த வார்த்தை. அடுத்த தடவை ‘தொழிலாளர் வேட்பாளர்’னு போட்டாப் போதும். கொள்கை அதேதான் தோழர்களே, பேரு மட்டும் வேற. ஒன்பது ஓட்டு! இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?"

நான் எழுந்தேன். நல்லபடியாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் இந்த ஊர் அந்தப் பெயருக்கே ஓட்டுப் போட்டது என்றேன். சாக்கடை, தண்ணீர், பூங்கா என்று ஆர்லீன் சொன்னதையே என் சரக்குப் போலச் சொன்னேன். கை தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பட்டியலின் பத்தொன்பதாம் பக்கத்தில் ஐந்து பெயருக்கு நேராக நான் பொய் எழுதினேன், அந்த ஐந்து பேர் நமக்குப் போட்டிருப்பார்கள், அந்த வார்த்தை அவர்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது என்று சொல்லியிருந்தால் வாரனின் வரைபடம் கிழிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் ஒழுங்கு கற்றுக்கொடுத்த ரெனாட்டா என்ற பெயர் அதைத் தடுத்துவிட்டது.

கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். வார்த்தையை எடுத்துவிடப் பதினான்கு, வைத்துக்கொள்ளப் பன்னிரண்டு. நொயேமியும் நானும் அந்தப் பன்னிரண்டில்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நொயேமி தன் வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, வேன் ஜன்னலில் அறைந்ததிலிருந்து. அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"இத உள்ள சொல்லியிருக்கலாமே. அஞ்சு நிமிஷம் முன்னாடி."

"முடியல."

"ரெண்டே ரெண்டு பேர் மனசு மாறியிருந்தாப் போதும். நீங்க அவ்வளவு நேரம் பேசினீங்க. நான் நினைச்சேன், இந்தம்மாதான் எத்தன உறுதின்னு."

"நீயே போய்ச் சொல்லேன். வேட்பாளர் நீ சொன்னா…"

"ஓட்டெடுத்தாச்சு. கூட்டம் முடிவு பண்ணினத நான் ஒருத்தி போய்க் கலைக்க மாட்டேன், அப்படிக் கலைச்சா நம்மளுக்கும் முதலாளிங்களுக்கும் என்ன வித்தியாசம்? நீங்க அடுத்த கூட்டத்துல எழுந்து சொல்லுங்க. மறுபடி ஓட்டுக்கு விடச் சொல்லி நான் கேக்கறேன்." வண்டிக் கதவைத் திறந்தாள். "அந்த அம்மா வீட்டு நம்பர் என்ன?"

"நானும் வர்றேன்."

"வேண்டாம் ரெனாட்டா. நீங்க வர வேண்டாம்."

அடுத்த கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கடுத்த கூட்டத்துக்குப் போனேன், பின்வரிசையில் உட்கார்ந்தேன், வாயைத் திறக்கவில்லை. நொயேமி என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

அந்தக் கோடையிலிருந்தே அவள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். வாரனிடம் கேட்டு எங்கள் பழைய பட்டியல்களில் ஐந்து வாங்கிய பெயர்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டாள். பேருந்து ஓட்டி முடித்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் போவாள். சில வீட்டில் திட்டு வாங்கினாள். சில வீட்டில் நாயை ஏவினார்கள். பல வீட்டில், யாரும் எங்களிடம் கேட்டதே இல்லையே என்றார்களாம். கைகூசாமல் ஐந்து போட்டவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதில் எனக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி தேர்தல். நோட்டீஸில் ‘தொழிலாளர் வேட்பாளர்’. நொயேமி இருநூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தாள்.

ஞாயிறு மத்தியானம் சங்க அலுவலகத்திலேயே கொண்டாட்டம். வறுத்த தொத்திறைச்சி, பீர், நொயேமியின் அம்மா சோள மாவில் அவித்த தமாலே. வந்திருந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேரும் பட்டியலில் ஐந்து வாங்கிய வீட்டுக்காரர்கள். ஆர்லீன் ஒரு கையில் பிராந்திக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வீட்டு முற்றத்தில் இரண்டு மாதம் நொயேமியின் பிரச்சாரப் பலகை நின்றிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்டி. அந்த வார்த்தைய ஏன் எடுத்தீங்க? நொயேமிகிட்ட கேட்டா கூட்டத்து முடிவுங்கறா. எனக்கு அதுதான் பிடிச்சிருந்தது. தாத்தா ஞாபகம் வரும்."

"என்னாலதான் எடுத்தாங்க," என்றேன். இரண்டு வருஷம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "உங்க வீட்டுக்கு யாரும் வராததும் என்னாலதான் ஆர்லீன். உங்க அஞ்சு பேருக்கும் அஞ்சு போட்டவ நான். மணியக்கூட அடிக்கல. அன்னிக்கு ஹால்ல உன்கிட்ட பொய் சொன்னேன்."

ஆர்லீன் ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்."

"நொயேமி சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் மாடி ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன்ல. தெரு முனையிலேர்ந்தே உன் நடையப் பாத்துட்டேன். அந்த முட்டிய இழுத்து இழுத்து… வீடு வீடா வர்றா, இங்கயும் வருவான்னு காபி போட்டேன். தங்கச்சிய உள் ரூமுக்குப் போகச் சொன்னேன், நம்ம ரெண்டு பேரும் பேசணும்னு. நீ படியேறின சத்தம் கேட்டுது. அப்புறம் எறங்கின சத்தம் கேட்டுது."

"அப்ப ஹால்ல எதுக்குக் கேட்ட?"

"நீ சொல்றியான்னு பாக்கத்தான்," என்றாள் ஆர்லீன்.

அதற்குள் வாரன் நாற்காலி மேல் ஏறிக் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"தோழர்களே, நண்பர்களே! இந்த வெற்றியில நாம ஒரு பாடம் கத்துக்கிட்டோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த வார்த்தையோட நின்னோம், தோத்தோம். இந்தத் தடவை அத எடுத்தோம், ஜெயிச்சோம். கணக்கு இவ்வளவுதான்! மத்த ஊருக்கெல்லாம் இதையே எழுதி அனுப்பப் போறேன்."

சிரிப்பும் விசிலும் கிளம்பின. அறையின் அந்தக் கோடியில் நொயேமி சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஆர்லீனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.